நிறுத்துவதற்கு 'ஸ்டார்ட்'டை அமுக்கவும்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. அதையொட்டி 11-க்கு மாறிய எங்கள் ஆபீஸ் பையன்கள் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. இடது மூலையில் சமர்த்தாக இருந்த ஸ்டார்ட் பட்டன் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டதாம். ரைட் க்ளிக் செய்தால் பாதி சமாசாரம்தான் தெரிகிறதாம். மீதிக்கு இன்னொரு க்ளிக்காம். வீட்டு ஓனர் காலி பண்ணச் சொன்ன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திரிகிறார்கள்.

தம்பிகளா, பட்டன் இரண்டு சாண் நகர்ந்ததற்கே இப்படியா? பட்டனே இல்லாத ஊரிலிருந்து குடிவந்தவர்கள் நாங்கள்.

விண்டோஸ் 95 அமெரிக்காவில் வெளியானது 1995 ஆகஸ்ட் 24-ல். நம்ம ஊர் சூப்பர் ஸ்டார் பட ரிலீஸுக்குக் கொஞ்சமும் குறையாத கூத்து. நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு அதன் நிறங்களில் விளக்குப் போட்டார்கள். விளம்பரத்துக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு. லண்டனில் அன்றைய 'தி டைம்ஸ்' பேப்பரை மைக்ரோசாஃப்ட் செலவில் ஊருக்கே இலவசமாக விநியோகித்தார்கள். எங்கள் ஆபீஸுக்கு அது வந்துசேர அடுத்த வருஷமாகிவிட்டது. மெட்ராஸ் அதிகாரபூர்வமாகச் சென்னை ஆனதும் அதே 1996-தான். ஊரும் கம்ப்யூட்டரும் ஒரே வருஷத்தில் பெயர் மாற்றிக்கொண்டன. ஊரை ரொம்ப நாள் பழைய பெயரிலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். கம்ப்யூட்டரிடம் அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

அண்ணா சாலைப் பக்கம் ஆபீஸ். அம்பத்தூரில் ஃபாக்டரி. ஆபீஸிலேயே ஏ.சி. போட்ட இடங்கள் இரண்டு: எம்.டி. ரூம், கம்ப்யூட்டர் ரூம். கம்ப்யூட்டர் ரூமுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே ஒரு 486, 8 எம்.பி. ராம். அதற்கு அர்ச்சகர் போல ஒருவர். பெயர் வேண்டாம், நாங்கள் வைத்த பெயர் 'டாஸ் சார்'.

கறுப்புத் திரையில் கண் சிமிட்டும் அந்தச் சின்னக் கோட்டுக்கு முன்னால் அவர் உட்கார்ந்தால் வீணை வாசிக்கிற மாதிரி இருக்கும். லோட்டஸில் ஒரு சாய்கோடு, எஃப், எஸ் என்று தட்டினால் ஃபைல் சேவ். வேர்ட்ஸ்டாரில் கன்ட்ரோலை அமுக்கியபடி கே, டி. திரையைப் பார்க்கவே மாட்டார். நாலு வருஷம் டைப்ரைட்டிங் ஹையர் தேறிய கை, கீபோர்டுக்கு மாறினது அவ்வளவுதான்.

அவருடைய அதிகாரம் எதில் இருந்தது தெரியுமா? பெயர் வைப்பதில். டாஸில் ஃபைலுக்கு எட்டு எழுத்து, புள்ளி வைத்து மேலே மூன்று. அதற்குள் முடித்தாக வேண்டும். 1996 ஜூன் சம்பளம் என்றால் 'சால்ஜூன்96'. ஆங்கிலத்தில் எண்ணிப்பாருங்கள், சரியாக எட்டு வரும். இது சுலபமானது. எம்.டி. யூனியனுக்கு எழுதிய கடிதம், போன வருஷத்து போனஸ் கணக்கு இதெல்லாம் எந்த எட்டு எழுத்தில் பதுங்கியிருக்கிறது என்று அவருடைய நீள நோட்டுக்குத்தான் தெரியும். ஜெனரல் மானேஜரே கதவைத் தட்டி, செருப்பைக் கழற்றி, "சார், அந்த பேங்க் லெட்டர்..." என்று இழுப்பார்.

அந்தக் கோயிலுக்குத்தான் கும்பாபிஷேகம் நடந்தது. எங்கள் மெஷினில் சி.டி. டிரைவ் கிடையாது. ஃப்ளாப்பியில் வந்த அப்கிரேடு மொத்தம் 13 தட்டு. "பதிமூணா? ஒண்ணு கூட்டியோ குறைச்சோ குடுத்திருக்கக் கூடாதா?" என்றார் டாஸ் சார். ஒரு மத்தியானம் முழுக்க ஒவ்வொன்றாகச் செருகி எடுத்தோம். சாயங்காலம் திரையில் நீல வானமும் வெள்ளை மேகமும் தெரிந்தபோது டீ கொண்டுவந்த பையன்கூட நின்று பார்த்தான். ஆரம்பத்தில் ஒலிக்கிற இசையை அமைத்தவர் பிரையன் ஈனோ. அதை ஆப்பிள் மேக்கில்தான் செய்தேன் என்று பின்னாளில் அவரே பி.பி.சி. ரேடியோவில் போட்டு உடைத்தார். எங்களுக்கு அந்த வம்பெல்லாம் இல்லை. சவுண்ட் கார்டே கிடையாது. 'கீக்' என்றது, அவ்வளவுதான்.

முதல் வாரம் திருவிழாதான். குப்பையில் போட்ட ஃபைலைத் திரும்ப எடுக்கலாம் என்றதும் அக்கௌன்ட்ஸ்காரர்கள் வேண்டுமென்றே போட்டுப் போட்டு எடுத்தார்கள். சொலிட்டேர் சீட்டாட்டம் மௌஸைப் பிடித்து இழுக்கப் பழக்குவதற்காக வைத்தது என்று சொல்வார்கள். எங்கள் பர்ச்சேஸ் ஆபீஸர் மூன்று மாதம் பழகினார். ஷட்டவுன் செய்தால் ஆரஞ்சு எழுத்தில் 'இனி கம்ப்யூட்டரை அணைக்கலாம், ஆபத்தில்லை' என்று வரும். அதற்கப்புறம் நாம் கையால் சுவிட்சை அணைக்க வேண்டும். அந்த வரி வருகிறவரை கைகட்டிக் காத்திருப்போம், தீபாராதனைக்கு நிற்கிற மாதிரி.

டாஸ் சாருக்கு அதில்தான் ஆத்திரம். "ஏம்ப்பா, நிறுத்தணும்னா ஸ்டார்ட்டை அமுக்கணுமாமே! ரிசைன் பண்றவன் ஜாயினிங் ரிப்போர்ட் எழுதிக் குடுக்கிற மாதிரி இல்லே இருக்கு?"

சிரித்தோம். ஆனால் அவர் மௌஸைத் தொட்ட விதம் சிரிக்கிற மாதிரி இல்லை. சுவாமி படத்தின் மேல் ஓடுகிற பல்லியைத் தள்ளுவது போல ஒரு விரலால் தொடுவார். டபுள் க்ளிக் விழாது. முதல் க்ளிக்குக்கும் இரண்டாவதுக்கும் நடுவே பஸ்ஸே போய்விடும். இருபது வயசுப் பையன் பக்கத்தில் நின்று, "சார், சட்டு சட்டுன்னு தட்டணும் சார்" என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தான்.

பெயர் விஷயம்தான் பெரிய அடி. விண்டோஸ் 95-ல் பெயர் 255 எழுத்து வரை போகலாம். புதுசாகச் சேர்ந்த அந்தப் பையன் ஃபைலுக்கெல்லாம் ஜாதகம் மாதிரி பெயர் வைத்தான். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் திறக்கலாம். ஜெனரல் மானேஜர் கதவைத் தட்டுவது நின்றுபோயிற்று. நோட்டு மூடிக்கிடந்தது. நல்ல மாற்றம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஐம்பத்தைந்து வயசு மனுஷர் பதினாலு வருஷமாகச் சேர்த்துவைத்த சொத்து ஒரே மத்தியானத்தில், 13 தட்டில், செல்லாக்காசானதையும் பார்த்தேன். டாஸ் எங்கேயும் போய்விடவில்லை, உள்ளேதான் ஒரு கறுப்பு ஜன்னலாக இருந்தது. புது வீடு கட்டினவர்கள் அப்பாவுக்குக் கொல்லைப்புறத்தில் ஒரு ரூம் ஒதுக்குவார்களே, அது மாதிரி. அவர் அந்த ஜன்னலிலேயே குடியிருந்தார்.

1997 ஜனவரியில் ஒரு சர்க்குலர் வந்தது. மார்ச் முடிவதற்குள் புது முறையில் பழகாதவர்கள் டெஸ்பாட்ச் செக்‌ஷனுக்கு மாற்றப்படுவார்கள் என்று. பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை.

பிப்ரவரி 6-ம் தேதி சாயங்காலம் ஃபாக்டரியிலிருந்து போன். எங்களைப் போன்ற ஃபாக்டரிகளில் 7-ம் தேதிக்குள் சம்பளம் போட்டாக வேண்டும், சட்டம். ஆறு செக்‌ஷனின் ஓவர்டைம் கணக்கைப் புதுப்பையன் ஃப்ளாப்பியில் அனுப்பியிருந்தான். 'ஓவர்டைம் ஃபவுண்டரி', 'ஓவர்டைம் பேக்கிங்' என்று அழகழகான பெயர்கள். ஃபாக்டரியிலோ பழைய டாஸ். அதற்கு நீளப் பெயர் கண் தெரியாது. முதல் ஆறு எழுத்து, ஒரு நெளிக்கோடு, ஒரு நம்பர், அவ்வளவுதான் தெரியும். ஆறு ஃபைலும் ஆறு இரட்டைப்பிள்ளைகளாக வந்து நின்றன. உள்ளே டோக்கன் நம்பரும் மணிக்கணக்கும் மட்டும். எந்த செக்‌ஷன் என்ற பேச்சே இல்லை. ஃபைல் பெயரை வைத்துத்தான் அங்கே ரேட் போடும் புரோக்ராம். மாறினால் முன்னூற்றுச் சொச்சம் பேருக்குத் தப்புச் சம்பளம்.

"நம்ம மெஷின்ல நெளிக்கோடு ஒண்ணு ஃபவுண்டரி சார்" என்றான் புதுப்பையன், ஜன்னலில் பார்த்து. "அதையே சொல்லிடலாமா?"

டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டிருந்த டாஸ் சார் நிமிர்ந்தார். "ஃப்ளாப்பிக்கு எந்த வரிசையில போச்சுன்னு உனக்குத் தெரியுமா? அந்த வரிசையிலதான் நம்பர் விழும். போனைக் குடு."

அப்புறம் நடந்ததை அங்கே இருந்தவர்கள் மறக்க முடியாது.

"டைப்புன்னு அடி. ஒரு ஸ்பேஸ். ஓ... வி... இ... ஆர்... டி... ஐ... இப்ப நெளிக்கோடு."

"அது எங்க சார் இருக்கு?"

"எஸ்கேப் கீக்குக் கீழே பாரு. புழு மாதிரி இருக்கும்."

"ஆமா சார், இருக்கு!"

"ஷிஃப்ட்டோட அமுக்கு. ஒண்ணு. புள்ளி. டி, எக்ஸ், டி. எண்ட்டர். முதல் டோக்கன் என்ன?"

"412 சார்."

"பேக்கிங். பேரை மாத்து. ரென்னு அடி..."

நெளிக்கோடு ஒண்ணு பேக்கிங். புதுப்பையன் ஜன்னலைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், வாயைத் திறக்கவில்லை. ஆறு ஃபைலுக்கும் ஆறு டோக்கன். நோட்டைப் பிரிக்கவே இல்லை. பதினாலு வருஷம் சம்பளம் போட்ட கை, ஃபவுண்டரியில் யார், மெஷின் ஷாப்பில் யார் என்பது விரல் நுனியில் இருந்தது. போனை வைக்கும்போது மணி எட்டே முக்கால். சாம்பார் சாதம் கெட்டிருக்கும் என்று கவலைப்பட்டுக்கொண்டு கிளம்பினார். மறுநாள் சம்பளம் சரியாகப் போயிற்று.

மார்ச் முடிந்ததும் ஆர்டரும் சரியாக வந்தது. ஜெனரல் மானேஜர் வருத்தப்பட்டார், ஆனால் கையெழுத்துப் போட்டார். டாஸ் சார் டெஸ்பாட்சில் கவருக்கு ஸ்டாம்ப் ஒட்டினார். ஒவ்வொரு மாதமும் 6-ம் தேதி இன்டர்காமில் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து, ஏ.சி. ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார். மற்ற யாரும் அப்போது கழற்றுவதில்லை.

1999-ல் ரிடையர் ஆனார். பிரிவுபசாரத்தில் சந்தன மாலை, சுவர்க்கடிகாரம், வழக்கமான பேச்சுகள். எல்லாம் முடிந்தபிறகு அந்தப் புதுப்பையன் தயங்கித் தயங்கிப் போய், "சார், அந்த நோட்டு எனக்குக் கிடைக்குமா?" என்று கேட்டான். டாஸ் சார் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தார். பையிலிருந்து நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தை மட்டும் நிதானமாகக் கிழித்துக்கொண்டு நீட்டினார்.

"இது எல்.ஐ.சி. பிரீமியம் தேதிப்பா. வீட்டுல தேடுவா."