கொக்கி மாட்டினால் வாகனம்

பழைய காரின் அச்சில் புது வண்டி கட்ட வெல்டிங் பட்டறை போதும். அதைச் சாலையில் இழுத்துப் போகத்தான் வழி தெரியவில்லை.

வெலிங்டன் தீவிலிருந்து பாலம் கடந்து, தோப்பும்படியில் தெற்கே திரும்பினால் பள்ளுருத்தி. மட்டாஞ்சேரியின் மிளகு மணமும் ஃபோர்ட் கொச்சியின் சுற்றுலாப் பயணிகளும் இந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் அரபிக் கடல், கிழக்கே காயல். இன்னும் தெற்கே போனால் பெரும்படப்பு, அதற்கப்பால் பாலம் தாண்டிக் கும்பளங்கி. தரை தட்டையானது. மேடு என்று ஒன்று இருந்தால் அது பாலத்தின் ஏற்றம்தான்.

1967 நவம்பர் 1 அன்று கொச்சி மாநகராட்சி உருவானபோது அதில் சேர்க்கப்பட்ட பஞ்சாயத்துகளில் பள்ளுருத்தியும் ஒன்று. ஸ்ரீ நாராயண குரு 1916இல் பிரதிஷ்டை செய்த பவானீஸ்வரர் கோயில் இங்கே இருக்கிறது. மலையாளத் திரையிசையில் அர்ஜுனன் மாஸ்டர் என்று அறியப்பட்ட எம்.கே. அர்ஜுனன் நெடுங்காலம் வாழ்ந்து 2020 ஏப்ரலில் மறைந்ததும் இந்த ஊரில்தான். வறுமையில் கழிந்த அவரது சிறுவயதில் இசை கிடைத்த இடம் பழனியில் உள்ள ஓர் ஆசிரமம்.

ஊரின் பழைய பெருமை சந்தை. தனு மாதத்தின், அதாவது நமது மார்கழியின், கடைசி வியாழக்கிழமை அழகியகாவு பகவதி கோயிலை ஒட்டிய மைதானத்தில் 'புலவாணிபம்' கூடும். கோயிலை நெருங்கவே அனுமதி மறுக்கப்பட்டிருந்த புலையர் சமூகத்தினருக்கு ஆண்டில் அந்த ஒரு நாள் விலக்கு இருந்தது என்பது ஊர் வழக்கு. வரும்போது தங்கள் கையால் செய்த பொருட்களை விற்கக் கொண்டுவந்தார்கள்; வழிபாடு வணிகமாகவும் ஆயிற்று. தீண்டாமை சட்டப்படி ஒழிந்த பிறகும் சந்தை நிற்கவில்லை.

சந்தை என்றால் சுமை. நீர் சூழ்ந்த இந்த வட்டாரத்தில் சுமை முதலில் வள்ளத்தில் வந்தது, கரையேறியதும் தலைக்கு மாறியது, பிறகு தள்ளுவண்டிக்கு வந்தது. சாலைகளும் பாலங்களும் பெருகியபின் சரக்கு ஆட்டோ வந்தது. 2005இல் டாடா ஏஸ் வந்தது. தமிழ்நாட்டில் இதைத்தான் குட்டி யானை என்கிறோம். ஆனால் எல்லாச் சுமைக்கும் யானை கட்டுப்படியாகாது. வாரத்தில் நாலு நாள் வலையையும் ஐஸ் பெட்டியையும் கடற்கரைக்குக் கொண்டுபோக வேண்டியவர், கல்யாணத்துக்கு அண்டாக்களை ஏற்றிப்போகும் சமையல்காரர், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவர் ஆகியோருக்கு வேண்டியது இன்னொரு எஞ்சின் அல்ல. தங்களிடம் இருக்கும் ஜீப்பின் பின்னால் மாட்டிக்கொள்ள இரண்டு சக்கரமும் ஒரு தொட்டியும் போதும்.

அதற்குப் பெயர் ட்ரெய்லர். புதிதாகச் செய்யச் சொன்னால் செலவில் பெரும்பகுதியை அச்சு, சக்கரம், ஸ்பிரிங் ஆகிய மூன்றே விழுங்கிவிடும். இந்த மூன்றும் காயலான் கடையில் எடைக்குக் கிடைக்கின்றன. பத்மினி 2000ஆம் ஆண்டு வாக்கில் நின்றுபோனது. மாருதி 800 2014 ஜனவரியில் நின்றது; அதே ஆண்டு மே மாதம் அம்பாசடர் ஆலை மூடப்பட்டது. மாருதி ஆம்னி 2019 வரை தாக்குப்பிடித்தது. உற்பத்தி நின்ற கார்கள் மெல்ல மெல்லக் காயலான் கடைக்கு வந்து சேர்கின்றன. எஞ்சின் செத்த காரிலும் பின் அச்சு பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது.

எந்தக் காரின் அச்சு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அம்பாசடரிலும் ஆம்னியிலும் பின்சக்கரம்தான் வண்டியைத் தள்ளும். எனவே அவற்றின் அச்சு நடுவே கியர்களை வைத்த கனத்த உருண்டை ஒன்று உட்கார்ந்திருக்கும். ட்ரெய்லருக்கு அது வீண் சுமை. ஆனால் இரண்டிலும் இருப்பது கமான் பட்டை. மாருதி 800இல் முன்சக்கரங்கள் வண்டியை இழுப்பதால் பின் அச்சு வெறும் இரும்புத் தண்டு. இரு முனையிலும் சக்கரம். ட்ரெய்லருக்கென்றே செய்தது போல இருக்கும். ஆனால் பெரும்பாலான 800களில் அதன் மேல் உட்காருவது சுருள் வில்.

இரண்டும் ஸ்பிரிங்தானே என்று நினைப்பவர்கள் ஏமாறும் இடம் இது. கமான் பட்டை இரண்டு வேலை செய்கிறது: சுமையைத் தாங்குகிறது, அச்சை அதன் இடத்தில் பிடித்தும் வைக்கிறது. சுருள் வில்லுக்குத் தாங்க மட்டும்தான் தெரியும். அச்சு முன்பின் நகராமலும் பக்கவாட்டில் ஒதுங்காமலும் பிடித்துக்கொள்ளக் காரில் தனித்தனிக் கைகள் இருக்கும். அவற்றை விட்டுவிட்டு வில்லை மட்டும் பெயர்த்துவந்து பொருத்தினால், முதல் பள்ளத்திலேயே அச்சு கோணிக்கொள்ளும். 800இன் அச்சும் வேறொரு வண்டியின் கமான் பட்டையும் சேர்ந்த கலப்பு மணம் பட்டறைகளில் நடப்பது இதனால்தான்.

கமான் பட்டைக்கும் சில நியமங்கள் உண்டு. சுமை ஏறும்போது வளைவு நிமிர்ந்து பட்டை நீளும். அதனால் ஒரு முனையை ஆணியடித்தது போலப் பொருத்தி, மறுமுனையை ஆடும் ஷாக்கிளில் தொங்கவிட வேண்டும். பட்டையையும் அச்சையும் யு போல்ட்டால் இறுக்கிக் கட்ட வேண்டும். பட்டையில் வெல்டிங் நெருப்பு படவே கூடாது. பட்டால் எஃகின் பதம் போய், என்றாவது ஒருநாள் சுமையோடு முறியும்.

தாங்கும் அளவையும் காரே சொல்லிவிடுகிறது. மாருதி 800இன் வெற்று எடை சுமார் 650 கிலோ. ஆட்களும் மூட்டையும் ஏறினாலும் பின் அச்சுக்கு வரும் பங்கு ஏறக்குறைய அரை டன்தான். அந்த அச்சில் கட்டிய ட்ரெய்லரும் தன் எடையையும் சேர்த்து அவ்வளவுதான் சுமக்க வேண்டும். தொட்டி பெரிதாக இருக்கிறதே என்று ஒரு டன் மணலைக் கொட்டினால் அச்சு அதைப் பொறுத்துக்கொள்ளாது. கனத்த வண்டியின் முரட்டுக் கமானைப் போட்டாலும் ஆபத்துதான். காலியாக ஓடும்போது பட்டை வளையாது, வண்டி குதிக்கும், சக்கரம் தரையை விட்டு எழும்.

சுமையை வைக்கும் இடமும் முக்கியம். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும். முன்பாரம் ஏறினால் மாட்டின் கழுத்து நோகும். ட்ரெய்லரில் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது முன்னால் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். பின்பாரமான ட்ரெய்லர் வேகத்தில் பாம்பு போல நெளியத் தொடங்கும். அந்த ஆட்டம் இழுக்கும் வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும்.

பள்ளுருத்திக்கு இன்னொரு எதிரி உண்டு. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் பொங்கும்போது உப்புநீர் காயல் வழியாகத் தெருவுக்கும் வீட்டு முற்றத்துக்கும் ஏறிவருகிறது. உள்ளூர்ப் பேச்சில் இது 'வேலியேற்றம்'. பெரும்படப்பு, இடக்கொச்சி, கும்பளங்கி எல்லாம் இதில் நனையும் ஊர்கள். நிறுத்தி வைத்த ட்ரெய்லரின் சக்கரக் குடம் உப்புநீரில் ஓர் இரவு ஊறினால் போதும். கிரீஸ் கரைந்து, பேரிங்கில் துரு பிடிக்கும். உப்புநீர் பட்ட பேரிங்கைக் கழற்றித் துடைத்துப் புதுக் கிரீஸ் வைக்காதவர், ஓடும் வண்டியிலிருந்து சக்கரம் தனியே உருண்டு போவதைப் பார்க்க நேரிடும்.

இதெல்லாம் பட்டறை அறிவு. சட்டம் வேறு கணக்குப் போடுகிறது.

பழைய அச்சில் வண்டி கட்டுவது புதிய யோசனை அல்ல. தமிழ்நாட்டுக் கிராமங்களின் டயர் வண்டி அப்படிப் பிறந்ததுதான். மர இருசும் இரும்புப் பட்டை போட்ட சக்கரமும் போய், கழித்துக் கட்டிய லாரி அச்சும் தேய்ந்த டயரும் வந்தன. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த என்.எஸ். ராமசாமி 1970களில் மாட்டுவண்டிச் சீர்திருத்தத்தையே ஓர் இயக்கமாக்கினார். டயர் வண்டியை மாடு இழுக்கும்வரை மோட்டார் வாகனச் சட்டம் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மனிதன் தள்ளினாலும் அப்படித்தான்.

அதே வண்டியின் ஏர்க்காலை ஒரு ஜீப்பின் கொக்கியில் மாட்டினால் கதை மாறுகிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 'மோட்டார் வாகனம்' என்பதற்குச் சொல்லும் இலக்கணத்தில் ட்ரெய்லரும் அடக்கம். தனக்கென்று எஞ்சின் இல்லாவிட்டாலும் அது மோட்டார் வாகனமே. எனவே பதிவு வேண்டும், காப்பீடு வேண்டும். ட்ரெய்லருக்கு உரிய எண்ணை அதன் பக்கவாட்டில் எழுத வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் அதன் மேல் தெரிய வேண்டும். பதிவு அலுவலகம் முதலில் கேட்பது தயாரிப்பாளரின் சான்று. வெல்டிங் பட்டறையிடம் அந்தத் தாள் கிடையாது.

நீதிமன்றங்களும் இந்த விஷயத்தில் இளகியதில்லை. வட இந்தியச் சாலைகளில் பாசன எஞ்சினை வைத்து ஓடும் 'ஜுகாட்' வண்டியும் மோட்டார் வாகனமே, சட்டத்தின் நிபந்தனைகளை நிறைவேற்றாமல் அது ஓடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் கூறியது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்று 2019 ஜனவரியில் அது சொன்ன தீர்ப்பு, கேரளத்திலிருந்து போன வழக்கில் வந்தது.

இதை அதிகாரிகளின் கெடுபிடி என்று தள்ளிவிட முடியாது. பதிவில்லாத ட்ரெய்லர் கழன்று ஓடிச் சாலையோரம் நிற்பவர் மேல் ஏறினால், அந்தக் குடும்பம் நஷ்டஈட்டுக்கு யாரிடம் போகும்? காப்பீடு இல்லை. கட்டியவரின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. அச்சு எந்தக் காரிலிருந்து வந்தது என்றும் தெரியாது. எஞ்சினுக்கும் அடிச்சட்டத்துக்கும் எண் உண்டு. கமான் பட்டைக்கு அந்த அடையாளம் கிடையாது. உத்தரப் பிரதேசம் மீரட்டில் உதிரிபாகங்களுக்குப் பேர்போன சோதிகஞ்ச் சந்தையை 2021 டிசம்பரில் போலீசார் மூடவைத்ததற்குக் காரணம், திருட்டு வண்டிகள் அங்கே பாகம் பாகமாகக் கரைந்துகொண்டிருந்ததுதான். நியாயமாகத் தொழில் செய்பவரும் ரசீது இல்லாமல் அச்சு வாங்கினால் அதே சந்தேகத்தில் மாட்டிக்கொள்கிறார்.

மற்ற நாடுகள் என்ன செய்தன? ஆஸ்திரேலியாவில் வீட்டிலேயே ட்ரெய்லர் கட்டுவது பரவலான வழக்கம். அரசு அதைத் தடுக்கவில்லை, ஒரு கையேடு போட்டது. 4.5 டன் வரையுள்ள ட்ரெய்லருக்கு விளக்கு எங்கே, பாதுகாப்புச் சங்கிலி எப்படி, பிரேக் எப்போது என்றெல்லாம் அதில் இருக்கிறது. 750 கிலோவுக்கு உட்பட்டதற்குப் பிரேக் கட்டாயமில்லை. கட்டி முடித்து, சோதனைக்குக் காட்டிப் பதிவு வாங்கலாம்.

இந்தியாவிலும் உதாரணம் இல்லாமலில்லை. குஜராத்தில் மோட்டார் சைக்கிளின் முன்பாதியோடு வண்டித் தொட்டியை ஒட்டி உருவான 'சகடா' பட்டறையில் பிறந்த வண்டிதான். ராஜ்கோட்டின் அதுல் ஆட்டோ அதைத் தொழிற்சாலைப் பொருளாக்கியது. பட்டறைத் திறமை பதிவெண்ணோடு சாலைக்கு வர ஒரு பாதை கிடைத்தது.

பள்ளுருத்தி போன்ற ஊர்களின் பட்டறைகளுக்கு அந்தப் பாதை இன்னும் திறக்கவில்லை. இதற்கிடையே பழைய பாகங்கள் வரும் வழியும் மாறிக்கொண்டிருக்கிறது. வாகனக் கழிவுக் கொள்கை 2021 ஆகஸ்டில் அறிமுகமானது. 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் பதிவு நீட்டிப்பு இல்லை. அவை பதிவு பெற்ற உடைப்பு மையங்களுக்குத்தான் போக வேண்டும். அங்கே கழற்றும் நல்ல அச்சுகள் எந்தக் காரிலிருந்து வந்தவை என்ற தாளோடு வெளியே வருமானால், பட்டறைக்காரர் கையில் முதன்முறையாக ஒரு சான்று இருக்கும். உருக்கு உலைக்கே போய்விட்டால், ரசீதில்லாத பழைய வழிதான் மிஞ்சும்.

அதுவரை, கட்டிய ட்ரெய்லருக்குப் பரீட்சை வைப்பது பாலம்தான். தட்டைத் தரையில் எந்த வண்டியும் சாதுவாக வரும். ஏற்றத்தில் கொக்கி பின்னால் இழுபடுகிறது. இறக்கத்தில், பிரேக் இல்லாத அரை டன் சுமை முன்னே போகும் ஜீப்பைத் தள்ளுகிறது. தோப்பும்படிப் பக்கம் அந்த நேரத்தில் பின்னால் வரும் ஸ்கூட்டர்காரருக்கு, முன்னால் போவது ஒரு மாருதியின் அச்சு என்பதோ, அதன் யு போல்ட்டை யார் எப்போது முறுக்கினார் என்பதோ தெரியாது.