சூரியனுக்கு முதுகு காட்டி

சூரியன் மறைவதைப் பார்க்கக் கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள் மேல் கிழக்குக் கரைக்காரர்களுக்கு ஒரு சின்னப் பொறாமை உண்டு. வங்கக் கடலில் சூரியன் உதிக்கும்; மறையாது. உதிக்கிற நேரத்தில் சுற்றுலா வந்தவர் அறையில் தூங்கிக்கொண்டிருப்பார். பழவேற்காட்டில் மட்டும் இந்தக் குறை பாதி தீர்ந்திருக்கிறது. கலங்கரை விளக்கத்துப் பக்கம் போய் நின்றால் ஒரு புறம் கடல், மறு புறம் ஏரி. சாயங்காலச் சூரியன் ஏரிக்குள் இறங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே உயர்கிற செல்போன்கள் அத்தனையும் மேற்கைத்தான் பார்க்கும்.

ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிற சுண்ணாம்புக்குளத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே சூரியன் வயல் பக்கமாக, மரங்களுக்குப் பின்னால், ஆரவாரமில்லாமல் போய்விடும். ஏரி கிழக்கே கிடக்கிறது. அந்தி நேரத்தில் தண்ணீரைப் பார்த்து நிற்கிறவர் சூரியனுக்கு முதுகு காட்டித்தான் நிற்க வேண்டும். ராத்திரி இறால் பிடிக்க வலையோடு படகு தள்ளுகிறவர்களுக்கும் அதே திசைதான். வானத்தை ரசிக்கவா அவர்கள் போகிறார்கள்? இருந்தாலும் அந்த வட்டாரத்திலேயே நல்ல இடம் கிடைத்திருப்பது அவர்களுக்குத்தான்.

மழை ஓய்ந்த தை மாதத்தில், வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கிற ஒரு மாலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சூரியன் மறைந்த சில நிமிடங்களில், ஸ்ரீஹரிகோட்டா தீவின் மரவரிசைக்கு மேலே, நீலமும் சாம்பலும் கலந்த ஒரு பட்டை எழும்பும். தூரத்தில் மழை கட்டுகிறது என்றே தோன்றும். மழையும் இல்லை, மேகமும் இல்லை. அது பூமியின் நிழல். அதன் தலைமேல் இளஞ்சிவப்பாக இன்னொரு பட்டை. அடிவானத்துச் சூரியனின் ஒளி, உச்சிச் சூரியனின் ஒளியைக் காட்டிலும் ஏறக்குறைய 40 மடங்கு காற்றைத் துளைத்துக்கொண்டு வர வேண்டும். வழியிலேயே நீலமெல்லாம் சிதறிப்போய்விடுகிறது. மிஞ்சிய சிவப்பு கிழக்கு வானத்துக் காற்றிலும் தூசியிலும் பட்டுத் திரும்புவதுதான் அந்த இளஞ்சிவப்பு. நிழல் ஏற ஏற அது மங்கும். கால் மணி நேரத்தில் இரண்டுமே இருட்டில் கலந்துவிடும். சந்திர கிரகணத்துக்குப் பஞ்சாங்கம் பார்த்து, குளித்து, மொட்டை மாடியில் காத்திருந்து பார்க்கிறோமே, அதே நிழல்தான். தெளிந்த வானம் உள்ள நாளெல்லாம் வருகிறது. அதற்கு மட்டும் ஆள் இல்லை.

வானம் ஏன் நீலம் என்பது பள்ளிக்கூடக் கேள்வி. பின்னாளில் ரேலே பிரபு ஆன ஜான் ஸ்ட்ரட் அதற்கு 1871-லேயே கணக்குப் போட்டுவிட்டார்: அலைநீளம் குறையக் குறையச் சிதறல் நான்காம் அடுக்கில் கூடும், நீலம் சிவப்பைவிட ஐந்தாறு மடங்கு அதிகம் சிதறும். அதை அப்படியே விட்டுவிடலாம். அந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது, ஒளியைச் சிதறடிக்கிற துகள் அதன் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருக்க வேண்டும் என்று. சுவாரசியமெல்லாம் அந்த நிபந்தனை உடைகிற இடத்தில்தான். சென்னை வானத்தில் அது 1883-ல் உடைந்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் சென்னையில் சூரியன் பச்சையாக உதித்தது. கவிதைக்காகச் சொல்வதல்ல, நிறமாலை காட்டும் கருவியை வைத்துப் பார்த்து எழுதிய செய்தி. இலங்கையிலும் தென்னிந்தியாவின் பல ஊர்களிலும் அதே கதை. அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது பச்சை. மேலே ஏற ஏற நீலம். சாயும்போது மறுபடி பச்சை. கண் கூசாமல் நேராகப் பார்க்க முடிகிற அளவுக்கு மங்கல். சென்னையிலிருந்து பழவேற்காடு 60 கிலோமீட்டர்தான். ஏரிக்கரைக் குப்பங்களுக்கும் அன்றைக்கு அதே சூரியன்தான். ஆனால் நோட்டுப் புத்தகம் இருந்தது நுங்கம்பாக்கத்தில்.

நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் அப்போது அரசு வானியலாளர் நார்மன் போக்சன். நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்க இன்றும் உலகம் முழுவதும் பயன்படுத்தும் கணக்கு, ஒரு படிக்கு 2.512 மடங்கு, அவர் 1856-ல் வகுத்தது. அவருடைய மகள் இசிஸ் அதே ஆய்வகத்தில் உதவியாளர். 1881 முதல் சென்னை அரசின் வானிலை அறிக்கையாளரும் அவர்தான். சூரியன் பச்சையாக வந்த அந்த மாதத்தில், வானத்துக்குக் கணக்கு எழுத அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது ஒரு பெண்ணுக்கு என்பதை நினைக்க நன்றாக இருக்கிறது. லண்டனுக்கு அது அவ்வளவு நன்றாக இல்லை. 1886-ல் ராயல் வானியல் கழகத்தில் அவர் பெயரை முன்மொழிந்தபோது, பெண் என்பதால் தள்ளிவிட்டார்கள். 1920-ல்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

கருவியோடு உட்கார்ந்தவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் சார்லஸ் மிச்சி ஸ்மித். பச்சைச் சூரியனின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தார். சிவப்புப் பக்கம் இருண்டு கிடந்தது. நீராவி விழுங்குகிற கோடுகள் வழக்கத்தைவிடத் தடித்திருந்தன. பழி முதலில் நீராவி மேல் விழுந்தது. சென்னையில் செப்டம்பர் புழுக்கத்தை அனுபவித்த யாருக்கும் அது நியாயமான சந்தேகமாகவே படும்.

உண்மையான குற்றவாளி வேறு இடத்தில் இருந்தது. ஆகஸ்ட் 27 அன்று ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே கிரகட்டோவா வெடித்திருந்தது. சத்தம் 4,800 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ரோட்ரிக்ஸ் தீவில் பீரங்கி முழக்கமாகக் கேட்டது. மேலே போன புகையும் தூசியும் சென்னைக்கு நேராக வந்திருக்கும் என்றுதான் தோன்றும். வரவில்லை. வெப்ப மண்டலத்தின் உயரக் காற்று அதை மேற்கே தள்ளிக்கொண்டு போனது: இந்தியப் பெருங்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக், பசிபிக். செப்டம்பர் 5-ல் ஹொனலுலுவில் செரினோ பிஷப் என்ற பாதிரியார் சூரியனைச் சுற்றி ஒரு விசித்திர வளையத்தைக் கண்டு குறித்துவைத்தார். அது இன்றைக்கும் பிஷப் வளையம்தான். அங்கிருந்து நாலு நாளில் இலங்கையும் சென்னையும். பக்கத்து வீட்டு அடுப்புப் புகை, ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நம் வாசலில் வந்து நின்றது.

லண்டன் ராயல் சொசைட்டி இதையெல்லாம் ஊர் ஊராகச் சேகரித்து, தேதி தேதியாக அடுக்கி, 1888-ல் ஏறக்குறைய 500 பக்கத்துக்கு ஓர் அறிக்கை போட்டது. உலகத்தின் உயரக் காற்று எந்தப் பக்கம், என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதைப் விமானம் இல்லாத காலத்தில் சொல்லிக்கொடுத்தது, பல தேசங்களில் பலர் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்த அந்த ஒரு நிறம்.

பச்சைக்குக் கணக்கு 1908-ல் வந்தது. ஜெர்மானியரான குஸ்டாவ் மீ, துகள் பெருத்து அலைநீளத்துக்குச் சமமாகவோ சற்றே கூடுதலாகவோ வந்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தார். ஏறக்குறைய ஒரு மைக்ரான் அளவில் விதி தலைகீழாகிறது: சிவப்பு அதிகமாகச் சிதறி விலகிவிட, நேராக வந்து சேர்வது நீலமும் பச்சையும். ஆனால் துகள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தாக வேண்டும். பெரிசும் சின்னதுமாகக் கலந்துவிட்டால் ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுத்து, சாதாரண மங்கல்தான் மிஞ்சும். இயற்கைக்கு அவ்வளவு ஒழுங்கு அடிக்கடி கைகூடுவதில்லை. 1950 செப்டம்பர் 26-ல் எடின்பரோவில் சூரியன் நீலமாகத் தெரிந்தது. காரணம் கனடாக் காட்டுத் தீயின் புகை. துகள் இன்னும் பெருத்துப் பத்து மைக்ரான் மேகத்துளி ஆகிவிட்டால் எந்த நிறத்துக்கும் சலுகை கிடையாது, எல்லாம் ஒரே மாதிரி சிதறும், மேகம் வெள்ளை. ஏரிக்கு மேலே, ஈரம் குடித்துப் பருத்த உப்புத் துகளும் தெற்கே எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையப் புகையும் சேர்ந்து அடிவானத்தைச் சில காலைகளில் மோர் நிறத்துக்குக் கொண்டுவருவதும் இதே கணக்கில்தான்.

மிச்சி ஸ்மித்தைச் சூரியன் 1883-க்கு அப்புறமும் விடவில்லை. 1891-ல் போக்சன் இறந்தபின் அவர் அரசு வானியலாளர் ஆனார். சூரியனைப் பார்க்கவென்றே கொடைக்கானலில் ஆய்வகம் எழுப்பி, 1911 வரை அதை நடத்தினார். ஓய்வுக்குப் பிறகும் மலையைவிட்டு இறங்கவில்லை.

சூரியனை நேரே பார்த்தவர் அவர். பக்கவாட்டில் பார்த்தவர் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். 1921-ல் ஐரோப்பாவிலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பி வரும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தில் மாட்டிக்கொண்டார். கடல் நீலம் என்பது வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமே என்று சொல்லியிருந்தவர் ரேலே, சாமானியர் அல்ல. ராமனிடம் இருந்தது ஒரு நிக்கோல் பட்டகம். அதைத் தகுந்த கோணத்தில் பிடித்தால் தண்ணீரின் மேல்பரப்பில் பட்டு வருகிற வான ஒளி அணைந்துவிடும். அணைத்தார். கடல் கறுக்கவில்லை; நீலம் இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று, கப்பல் பம்பாய்த் துறைமுகத்தில் நிற்கும்போதே ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் எழுதினார். தண்ணீர் சிவப்பை விழுங்குவதற்கும் அந்த நீலத்தில் பெரும் பங்கு உண்டு என்பதால் அவர் சொன்னது முழுக் கதை ஆகாது. ஆனால் கடலைப் பார்க்க வானத்தை அணைக்கலாம் என்று தோன்றியதே, அதற்கே ஒரு வணக்கம்.

ராமன் பிறகு பறவையையும் விடவில்லை. அவர் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்விதழ் 1934-ல் வந்தபோது, முதல் தொகுதியில் அவர் எழுதியது பறவை இறகின் நிறங்களைப் பற்றி. ஆராய்ந்தது பனங்காடையின் நீலத்தை. பழவேற்காட்டில் இந்தப் பாடத்துக்கு ஆய்வகமே தேவையில்லை. பனிக்காலத்தில் கூட்டம் கூட்டமாக வருகிற பூநாரைக்குத்தான் பெயரும் புகழும். ஆந்திரப் பக்கம் சூளூர்பேட்டையில் அதற்குத் திருவிழாவே எடுக்கிறார்கள். அதன் இளஞ்சிவப்பு, தின்ற பாசியிலும் சின்ன இறாலிலும் இருந்து வந்த சாயம். அந்த இறகை அரைத்தாலும் நிறம் போகாது. வலை கட்டிய கழியின் மேல், யாரும் படம் எடுக்காமல் உட்கார்ந்திருக்கிற மீன்கொத்தியின் முதுகு நீலத்தில் சாயம் துளியும் கிடையாது. இறகுக்குள்ளே இருக்கிற நுண்ணிய துளைகளின் அளவும் ஒழுங்கும் வெளிச்சத்தைப் பிரிக்கிற வேலைதான் அது. அரைத்துவிட்டால் பழுப்புப் பொடிதான் மிஞ்சும்.

ஏரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீஹரிகோட்டா தீவிலிருந்து ராக்கெட் கிளம்புகிற நாளில் குப்பத்துப் படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2013 நவம்பர் 5-ல், பிற்பகல் 2 மணி 38 நிமிடத்துக்கு, செவ்வாய்க்குப் போகிற மங்கள்யான் அங்கிருந்து ஏறியது. செவ்வாயின் காற்றில் மிதக்கிற தூசி ஏறக்குறைய ஒன்றரை மைக்ரான். 1883-ன் சென்னை அங்கே அன்றாட நடப்பு. பகலில் வானம் பழுப்பு; சாயங்காலச் சூரியனைச் சுற்றி நீலம். நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி 2005 மே 19-ல் எடுத்த படத்தில் அது இருக்கிறது.

நம் வானத்துத் துகள்களை அளக்கிற வேலை இப்போது, திருப்பதிக்கு அப்பால் காடங்கியில் இருக்கும் தேசிய வளிமண்டல ஆய்வகத்தில் நடக்கிறது. அங்கே 1998 முதல் ஒரு லேசர் ராத்திரியில் செங்குத்தாக வானத்துக்குள் பாய்ச்சப்பட்டு வருகிறது. எந்த உயரத்திலிருந்து எவ்வளவு ஒளி சிதறித் திரும்பி வருகிறது என்பதை வைத்துத் தூசிக்கும் காற்றுக்கும் கணக்கெடுக்கிறார்கள். கருவிக்கு மீ, ரேலே இருவரின் பெயரையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். லேசரின் நிறம் பச்சை. ஐப்பசி, கார்த்திகையில் மழை மேகம் கவிந்துகொள்கிற இரவுகளில் அதற்கு வேலை இல்லை.