அரவமற்ற பெட்டகம்

இல்லத்தில் திரைப்படம் காணவும் பாடல் கேட்கவும் ஒரு கணினியை அமைக்க முற்படுவோர் முதற்கண் வினவுவது அதன் விரைவு. அடுத்து, அதன் விலை. அஃது எழுப்பும் இரைச்சலைப் பற்றி வினவுவோர் அரியர். கடைத்தெருவின் சந்தடியில் அவ்விரைச்சல் செவிக்கு எட்டுவதில்லை. இரவு பத்து மணிக்கு மேல், கூடத்தில் விளக்கை அணைத்து அமர்ந்த பின்னரே அது கேட்கத் தொடங்கும்.

யாம் இவ்வாராய்ச்சியில் இறங்கியது திரைப்படத்தின் பொருட்டன்று. தமிழாசிரியராய் விளங்கிய எம் தந்தையார் 1980களில் நிகழ்த்திய இலக்கியச் சொற்பொழிவுகள் ஐம்பத்திரண்டு ஒலிநாடாக்களில் எம் வீட்டு அலமாரியில் இருந்தன. பின்னாளில் குடும்பத் திருமணங்களைப் பதிவு செய்த முப்பது சிறு காணொளி நாடாக்களும் உடனிருந்தன. தந்தையார் உரத்த குரலினர் அல்லர். செய்யுளைச் சொல்லி நிறுத்தி, சற்றே மௌனம் காத்து, அதன்பின் பொருளுரைப்பது அவர் வழக்கம். வீட்டிலிருந்த பழைய கணினியில் முதல் நாடாவை ஏற்றி ஒலிக்கச் செய்தபோது எம் அன்னையார், "என்னப்பா, இந்தப் பெட்டிக்கு இளைப்பா? உங்க அத்தா பேசுறது காதுலயே விழலையே!" என்றார். புதியதொன்று தேவை என்பது அன்றே உறுதியாயிற்று.

தாம்பரத்தில் அமைதியைத் தேடுவதா எனச் சிலர் நகைக்கலாம். கடற்கரை–தாம்பரம் மின்தொடர் வண்டி 1931 முதல் ஓடுகிறது. விமானப்படைத் தளமும் அருகிலுள்ளது. ஆயினும் அவை வந்து போகும் ஓசைகள். கணினியின் உறுமலோ இடையறாதது. மென்குரலை விழுங்குவது அதுவே. 'அரவம்' என்னும் சொல் ஒலியையும் பாம்பையும் குறிக்கும். கணினியின் பின்புறத்துக் கம்பிகளைக் கண்டோர்க்கு இரு பொருளும் விளங்கும்.

ஓசையின் வேர் வெப்பம். குளிர்நாட்டார் எழுதிய அறிவுரைகளை அப்படியே கொள்ளுதல் நமக்குப் பொருந்தாது. பிராசசர் 70 பாகை வரை சூடாகலாம் என்று கொள்வோம். அறை 20 பாகையாயின் இடைவெளி 50. நம் மே மாதத்து அறை 35 பாகையாயின் இடைவெளியும் 35தான். அதே காற்று அங்கே அகற்றும் வெப்பத்தில் பத்தில் ஏழு பங்கையே இங்கே அகற்றும். எனவே விசிறி விரைந்து சுழலும். சுழல் விரைவு பாதியானால் ஏறத்தாழ 15 டெசிபல் ஓசை குறையும் என்பது பொறியியலார் கணக்கு. ஆகவே நல்ல விசிறியைத் தேடுமுன் வெப்பத்தையே குறைத்தல் தக்கது. 2023இல் வெளிவந்த இன்டெல் என் 100 என்னும் பிராசசரை யாம் தேர்ந்தது இதன்பொருட்டே. 6 வாட் அளவிற்கென வகுக்கப்பட்ட அது, இக்காலக் காணொளி வகைகளை விரித்துக் காட்டுவதற்கெனத் தனிச் சுற்றமைப்பையே உடையது. ஆதலின் படம் ஓடும்போதும் திணறுவதில்லை.

விசிறியே வேண்டா என்பாரும் உளர். கோடையில் குளிர்சாதனம் இல்லாக் கூடத்திற்கு அது பொருந்துமென யாம் கருதவில்லை. 140 மில்லிமீட்டர் அகன்ற ஒரே விசிறி மெல்லச் சுழல்வது போதும். சிறு விசிறிகள் அதே காற்றைத் தர மிக விரைந்து சுழன்று கீச்சிடும். ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெரு என மூன்றும் சுற்றி வந்தோம். ஒரு கடை இளைஞர், "சார், மூணு ஃபேன், லைட்டெல்லாம் எரியும், பசங்க இதத்தான் கேக்குறாங்க" என்று ஒரு கேபினட்டை எடுத்து வைத்தார். தட்டிப் பார்த்தோம், தகடு தகரக் குடம்போல் ஒலித்தது. கனத்த தகட்டில் விளக்கேதுமற்ற கரிய பெட்டி ஒன்று மூலையில் தூசு படிந்து கிடந்தது. அதுவே எம்முடன் மின்வண்டி ஏறியது. எஸ்.எம்.பி.எஸ். மட்டும், சுமை குறைந்த வேளையில் விசிறி நின்றுவிடும் வகையாகக் கேட்டு வாங்கினோம்.

கொள்ளளவுக்கு வருவோம். குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு மணி நேர ஒலிக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் வேண்டும். ஐம்பத்திரண்டு நாடாவும் 33 கிகாபைட்டில் அடங்கிவிட்டன. காணொளி நாடா மணிக்குச் சுமார் 13 கிகாபைட் கொள்ளும், அவை 390. வீட்டிலுள்ள இருநூறு டி.வி.டி.களும் இரட்டை அடுக்கு உடையன என்றே கொண்டாலும், ஒன்றுக்கு 8.5 வீதம் 1,700. எல்லாம் இரண்டேகால் டெராபைட்டுக்குள் முடிகின்றன. வருங்காலத்தை எண்ணி 8 டெராபைட் ஹார்டு டிஸ்க் வாங்கினோம். கணினி அதனை 7.27 என்றே காட்டும், ஏமாற்றமன்று. செய்பவர் ஆயிரத்தால் எண்ணுகிறார். கணினி 1,024ஆல் எண்ணுகிறது. நிமிடத்திற்கு 7,200 முறை சுழல்வதைத் தவிர்த்து 5,400 முறை சுழல்வதைக் கொண்டோம். படம் காண அவ்விரைவு தாராளம். திருகாணிகளுக்கு ரப்பர் வாஷர் இட்டதில் தகட்டின் அதிர்வும் அடங்கியது. இயக்க மென்பொருளுக்கு அசையும் உறுப்பேதுமற்ற எஸ்.எஸ்.டி. தனியே உண்டு. வட்டைப் பரணில் வைத்துக் கம்பி இழுக்கலாம் என்றார் நண்பர் ஒருவர். மொட்டை மாடிக்குக் கீழுள்ள பரண் சித்திரையில் அடுப்பு.

ஒரே பெட்டிக்குள் இரு வட்டுகளில் படியெடுத்து வைப்பதும் ஒரு முறை. ஒரு வட்டு பழுதுற்றால் அது காக்கும். வெள்ளம் புகுந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் படகுகள் ஓடின. தரைத்தளத்து வீடுகளில் நிழற்படத் தொகுப்புகள் சேறாய்க் கிடந்ததைக் கண்ணுற்றோம். ஆதலின் இரண்டாம் வட்டை வெளியே இணைக்கும் வகையாகக் கொண்டோம். திங்கள்தோறும் முதல் ஞாயிறன்று அது குரோம்பேட்டையிலிருந்து வந்து, புதியன ஏற்கும். மாலையில் அங்கே இரண்டாம் மாடியில் வாழும் எம் தங்கையின் அலமாரிக்குத் திரும்பிச் செல்லும்.