எங்கள் பியட்டும் சோழவரத்துப் பந்தயமும்

முண்டியம்பாக்கத்தில் வளர்ந்த எமக்கு வேகமென்பது கரும்பு வண்டியின் வேகமே. ஆலைப் பருவத்தில் பெருஞ்சாலையை அடைத்து நிற்கும் மாட்டு வண்டிகளின் பின்னே எந்தையாரின் வாடகைக் காரும் ஊர்ந்தே செல்லும். அஃது ஒரு பியட் 1100. அதன் வருவாயிலேயே நாங்கள் ஐவரும் உண்டு வந்தோம்.

1970-களில் ஒருமுறை என் தமையனார் சென்னைக்கு வடக்கே சோழவரம் சென்று, யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் நடைபெற்ற மோட்டார்ப் பந்தயத்தைக் கண்டு மீண்டார். அந்நிய நாட்டு வண்டிகள் அவரை அத்துணை ஈர்க்கவில்லை. எங்கள் காரின் உடன்பிறப்பே போன்ற பியட் ஒன்று உறுமிப் பறந்ததே அவரைப் பித்தராக்கிற்று. "அதே இஞ்சின்தான், தம்பி! அதே நான்கு சிலிண்டர், அதே 1,089 சி.சி.!" என்று இரவெல்லாம் பிதற்றினார்.

இம்மயக்கம் அவர்க்கு மட்டும் உரியதன்று. கடையில் விற்கும் காரையே பந்தயத்தில் ஓட்டவேண்டும் என்னும் விதியோடு அமெரிக்காவில் நாஸ்கார் அமைப்பினர் 1949 ஜூன் 19-இல் சார்லட் நகரில் ஒரு பந்தயம் நடத்தினர். முதலில் வந்த கிளென் டன்னவேயின் வண்டியில் பின்புற வில்கள் மாற்றப்பட்டிருந்தமை சோதனையில் வெளிப்படவே, வெற்றி ஜிம் ரோப்பரைச் சேர்ந்தது. அவ்விதியின் கண்டிப்பு நாளடைவில் தளர்ந்தது. இன்று அங்கே ஓடுவது 358 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 5.9 லிட்டர் கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் இஞ்சின், பந்தயத்திற்கென்றே செய்யப்படுவது. ஆயினும் தள்ளுகோலால் வால்வைத் திறக்கும் பழைய முறையை அவர்கள் கைவிடவில்லை. கார்புரேட்டரையும் 2011 வரை பிடித்துக்கொண்டிருந்தனர். எங்கள் பியட்டிலும் இவ்விரண்டும் உண்டு என்பதில் எனக்குச் சிறிது பெருமை!

தமையனார் தந்தையாரை ஒருவாறு இசைவித்து, ஒரு பட்டறையில் சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பை இழைத்துக் குறைக்கச் செய்தார். எரியறை சிறுத்தால் பெட்ரோல் ஆவியும் காற்றும் மிகுதியாய் அழுந்தும், ஆற்றலும் மிகும். ஒரு மாத காலம் வண்டி கன்றுக்குட்டிபோல் துள்ளிற்று. எனினும் மட்டமான பெட்ரோல் அவ்வழுத்தத்தைத் தாங்காது. தீப்பொறியால் எழுந்த சுடர் சென்று சேருமுன்னரே மிஞ்சிய கலவை தானே வெடித்துப் பிஸ்டனைச் சம்மட்டிபோல் அறையும்.

சித்திரை வெயிலில், திண்டிவனத்திலிருந்து கலியாணக் கூட்டத்தை ஏற்றி வருகையில் அவ்வோசை கேட்டது. "அப்பா, நிறுத்துங்கள்" என்றார் தமையனார். முகூர்த்த நேரம் நெருங்கவே தந்தையார் நிறுத்தவில்லை. விக்கிரவாண்டிக்கு இப்பால் புகை கிளம்பிற்று. ஹெட் கேஸ்கட் எரிந்து, ஒரு பிஸ்டனும் துளைபட்டிருந்தது. மணமகளின் அன்னையார் சாலையோரத்தில் நின்று அழுததை நான் மறந்திலேன். என் தாயாரின் வளையல்கள் அவ்வாரமே அடகுக் கடைக்குச் சென்றன.

தந்தையார் ஏசவில்லை. இஞ்சினைத் தமையனாரே கழற்றிப் பூட்டவேண்டும் என்று மட்டும் கூறினார். பதினெட்டு நாள் அவர் அதனோடு கிடந்தார். விளக்குப் பிடித்தவன் நான். ஒருநாளிரவு தந்தையார் திண்ணையிலிருந்தவாறே, "பந்தயம் முடிந்தபின் அந்த இஞ்சினை என்ன செய்வார்கள்?" என்று வினவினார்.

"அக்கக்காய்ப் பிரித்துப் பார்ப்பார்கள், அப்பா."

"மறுநாள் காலையில் அவர்களுக்கு விழுப்புரம் ஸ்டேஷன் சவாரி கிடையாது போலும்" என்று கூறிவிட்டு எழுந்து படுக்கப் போனார்.