டிஸ்ப்ளே வராத பெட்டிகள்

ரேடியோ உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்றிருந்து, பின்னர் டெலிவிஷன், கம்ப்யூட்டர் என்று காலத்தோடு தன் சரக்கையும் மாற்றிக்கொண்டு வந்திருக்கும் சென்னை ரிச்சி தெருவில், விற்பனைக் கடைகளின் ஆரவாரத்தையெல்லாம் தாண்டி ஒரு குறுகிய மாடிப்படி ஏறினால், பழுது பார்க்கிறவர்கள் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்யும் அறை ஒன்று இருக்கிறது. பாகங்களைத் தனித்தனியே வாங்கித் தாமே பூட்டிப் பார்த்த இளைஞர்கள், கேபினெட்டைக் குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டு அங்கே வந்து சேருகிறார்கள்; அநேகமாக எல்லோருடைய முறையீடும் ஒன்றுதான்: “ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல.”

நான் போயிருந்த சமயம் ஒரு கல்லூரி மாணவன் தன் பெட்டியைப் பழுது பார்ப்பவர் ஒருவரின் மேஜைமேல் வைத்தான்.

“போர்டு போயிடுச்சா அண்ணா?”

“போர்டு அவ்வளவு சீக்கிரம் போகாது தம்பி. மானிட்டர் ஒயரை எங்க குத்தினீங்க?”

கிராபிக்ஸ் கார்டு போட்ட பிறகும், பழக்கதோஷத்தால் போர்டிலேயே மானிட்டரைச் சொருகிவிட்டுப் படத்துக்காகக் காத்திருப்பவர்கள் ஏராளம் என்பதனால் எழுந்த கேள்வி அது. பையன் அதைச் சரியாகவே செய்திருந்தான். அடுத்து அவர் பார்த்தது போர்டின் மேல்மூலை. 24 பின் கொண்ட பெரிய இணைப்பைக் குத்திவிட்டு, பிராசஸருக்கென்று தனியாக வரும் 8 பின் இணைப்பை மறந்துவிட்டால், ஃபேன்களெல்லாம் உற்சாகமாகச் சுழலும். பிராசஸருக்கு மட்டும் பிராணன் வராது. அதுவும் இருந்தது. போர்டின் ஓரத்திலோ ராமைக் குறிக்கும் சிறு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

சித்த வைத்தியர் முதலில் லங்கணம் போட்டுவிட்டு, பிறகு ஒவ்வோர் ஆகாரமாகச் சேர்த்துப் பார்ப்பதுபோல, அவர் டிஸ்க்கையும், கிராபிக்ஸ் கார்டையும், இரண்டு ராம்களில் ஒன்றையும் சாவதானமாகக் கழற்றி வைத்தார். பிராசஸரிலேயே படம் காட்டும் வசதி இருந்தபடியால் மானிட்டரைப் போர்டுக்கு மாற்றினார். விளக்கு இன்னும் எரிந்தது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, செல்போன் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து, என்னையும் குனியச் சொன்னார். அந்தப் போர்டில் ராம் துளையின் ஒரு முனையில்தான் தாழ் உண்டு, மறுமுனை அசையாதது. தாழ் விழுந்த சத்தத்தை நம்பிப் பையன் கையை எடுத்துவிட்டான் போலும். மறுமுனையில் பொன்னிறத் தகடு ஒரு நகக்கனம் மேலே தெரிந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். ‘டக்’கென்று இறங்கியது, படமும் வந்தது.

மேஜையில் கிடந்த பள்ளிக்கூட ரப்பரைக் காட்டி, அதனால் ராமைத் தேய்ப்பதில்லையா என்று கேட்டேன். அழுக்கேறிய பழைய ராமுக்குத்தான் அந்தப் பிரயோகம், புதியதற்கு எதற்கு என்று சிரித்தார்.

கழற்றியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து வந்தபோது ஹார்டு டிஸ்க் மட்டும் தென்படவில்லை. சில போர்டுகளில் எம்.2 கார்டைச் சொருகியவுடன், அதனோடு பாதையைப் பங்கிட்டுக்கொள்ளும் சாட்டா போர்ட் ஒன்று முடங்கிவிடும். மானுவலில் பொடி எழுத்தில் இருக்கும் இந்தச் சேதி அவருக்கு மனப்பாடம். ஒயரை அடுத்த போர்ட்டுக்கு மாற்றியதும் டிஸ்க் தெரிந்தது. எரியாதிருந்த முன்பக்க விளக்குக்கு அதன் இரட்டை ஒயரைத் திருப்பிக் குத்தியதே போதுமாயிருந்தது.

பக்கத்து மேஜையில் ஃபேனும் சுற்றாத பெட்டி. அங்கிருந்தவர் எஸ்.எம்.பி.எஸ்ஸின் 24 பின் இணைப்பைக் கழற்றி, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் சேர்த்தார். எஸ்.எம்.பி.எஸ்ஸின் ஃபேன் சுழன்றது, ஆயினும் அதை மட்டும் பிரமாணமாகக் கொள்ளாமல், மீட்டரை வைத்து 12, 5, 3.3 வோல்ட்டுகளை அளந்த பிறகே நல்லதென்று ஒப்புக்கொண்டார்.

பாகத்தை மாற்றினால் பேசாமல் பணம் தருகிறவர்கள், ஒயரைச் சரியாகக் குத்தியதற்கா கூலி என்று தர்க்கம் பண்ணுவதுண்டாம். “போர்டு போய்விட்டது” என்று சொல்லிப் புதியதை விற்பது எவ்வளவு சுலபமோ, பரீட்சித்துப் பாராமல் எதையும் செத்ததென்று சொல்லாதிருப்பது அவ்வளவு சிரமம். அந்தச் சிரமத்துக்கே முழுக்கூலி தகும் என்பது என் அபிப்பிராயம்.

முதன்முதலாகப் பெட்டி கட்டப் புகும் இளைஞர்களுக்கு, மாணவனின் பெட்டியைச் சரிசெய்தவர் சொல்லியனுப்பிய வார்த்தை ஒன்று உண்டு: கேபினெட்டுக்குள் வைத்து ஸ்க்ரூ முடுக்குவதற்கு முன், போர்டை அது வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே வைத்து, பிராசஸர், அதன் கூலர், ஒரே ஒரு ராம் இவற்றோடு ஒரு தடவை எரியவிட்டுப் பாருங்கள்.