போலிக் காசு நம்மோடு நிற்கட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு நான் பழைய காசு சேர்ப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதனால், "டீச்சர், இது ஒரிஜினலா?" என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி படம் வருகிறது. பெரும்பாலும் இணைய ஏலத்தில் எடுத்த காசுகள். போன மாதம் ஒரு மாணவன் நேரிலேயே வந்தான். பெயர் வேண்டாம், அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அவன் காலேஜில் சேர்ந்தபோது ஃபீஸ் கட்ட அவனுடைய அம்மா தன்னிடம் இருந்த வெள்ளி ரூபாய்களை விற்றார். அவருடைய அம்மா கொடுத்த காசுகள் அவை. இப்போது நல்ல வேலையில் இருக்கும் பிள்ளை, அம்மாவுக்கு அவற்றைத் திருப்பிக் கொடுக்க ஆசைப்பட்டு, ஏலத்தில் நான்கு ரூபாய்க் காசுகள் எடுத்தான். 1835, 1840, 1862, 1904. மொத்தம் 14,500 ரூபாய். அம்மா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கனமே இல்லையேப்பா" என்றாராம். அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த அம்மாவின் கைதான் முதல் தராசு. நாட்டு மருந்துக் குறிப்புகளில் "ஒரு ரூபாய் எடை" என்று படித்திருப்பீர்கள். அந்தக் கால வெள்ளி ரூபாய் 180 கிரெயின், அதாவது ஒரு தோலா. இன்றைய கணக்கில் 11.66 கிராம். காசே எடைக்கல்லாகவும் இருந்தது. அவன் கொண்டுவந்ததை நகைப் பட்டறையில் நிறுத்தோம். 1835 என்று போட்டிருந்த காசு 10.05 கிராம். மற்ற மூன்றும் ஏறக்குறைய அப்படியே. புழங்கிய காசு தேயும், உண்மைதான். ஆனால் எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்கும்போது ஒன்றரை கிராம் மட்டும் எங்கே தேய்ந்து போகும்?

அடுத்து, நாம் வகுப்பில் படித்த ஆர்க்கிமிடிஸ். புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டும் சிறிய தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ தொடாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது காசு விலக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. 1835 முதல் அந்த ரூபாய்களில் 91.7 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு, எனவே 10.3க்கு அருகில் வர வேண்டும். இவனுடைய காசு 1.14 கிராம் தண்ணீரை விலக்கியது. வகுத்தால் 8.8. வெள்ளி முலாம் பூசிய மலிவான உலோகம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஊசிமுனைக் குழிகள், விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய தையல் கோடு. அச்சில் அடித்த காசில்லை, வார்ப்பில் ஊற்றியது.

"காந்தம் வைத்தேன் டீச்சர், ஒட்டவில்லையே!" என்றான். பித்தளையும்தான் ஒட்டாது. அதேசமயம், புலி படம் போட்ட 1947 ரூபாய் அசல், ஆனால் நிக்கல் என்பதால் ஒட்டும். காந்தம் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்.

எடையே பார்க்கத் தேவையில்லாத போலிகளும் உண்டு. ராமர், சீதை, அனுமன் படத்தோடு 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி, அரை அணா, 1616' அல்லது '1818' என்று வருபவை. சென்னையில் கம்பெனி அடித்த வராகன்களில் பெருமாள் உருவம் உண்டு. எனவே சாமி படம் இருந்தாலே போலி என்று சொல்லவில்லை. ஆனால் இப்படி ஒரு அணாக்காசைக் கம்பெனி அடிக்கவேயில்லை. கம்பெனிக்குச் சென்னையில் இடம் கிடைத்ததே 1639இல்தான். ஐந்தாம் வகுப்பு வரலாறு போதும்.

படித்த பிள்ளைகள் எப்படி ஏமாறுகிறார்கள்? அவன் சொன்ன பதிலை யோசித்துப் பாருங்கள்: "அஞ்சு பேர் போட்டி போட்டாங்க டீச்சர். அஞ்சு பேருமா ஏமாளி?" அந்த ஐந்து பேரில் எத்தனை பேர் விற்பவருடைய ஆட்கள் என்று நமக்குத் தெரியாது. கடைசி இரண்டு நிமிடத்தில் காசு மறந்துபோய், ஜெயிக்க வேண்டும் என்பது மட்டும் மனதில் நிற்கிறது. கூடவே 'பாட்டி பெட்டியில் கிடைத்தது' என்று ஒரு கதை. கதைக்கு எடை கிடையாது. எடை எவ்வளவு, விளிம்பின் படம் எங்கே என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

இதெல்லாம் பாடம். நான் இந்தப் பதிவை எழுதக் காரணம் அவன் கடைசியாகச் சொன்னதுதான். "பரவாயில்லை டீச்சர். நானும் இதை ஏலத்தில் போட்டுவிடுகிறேன். யாராவது எடுப்பார்கள். போட்ட பணம் வந்தால் போதும்."

நல்ல பையன். வகுப்பில் கண்டெடுத்த நாலணாவை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தவன். அவன் வாயிலிருந்து இது வந்தது எனக்குக் கஷ்டமாக இருந்தது. "அந்த யாராவது, இன்னொரு அம்மாவுக்குக் காசு வாங்குகிற பிள்ளையாக இருந்தால்?" என்று கேட்டேன். "ஏமாந்ததில் உனக்கு வெட்கம் எதற்கு? ஏமாற்றியவன் வெட்கப்படட்டும். தெரிந்தே விற்றால் அந்த வெட்கம் உன்னுடையது" என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்தான்.

போலி செய்கிறவன் ஒருவன்தான். அதை ஊர் ஊராக நடத்திச் செல்வது ஏமாந்தவர்கள்தான். வெளியில் சொல்ல வெட்கம், நஷ்டத்தைத் தாங்க மனமில்லை. இந்த இரண்டும்தான் அந்தக் காசுக்குக் கால்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? விளம்பரப் பக்கத்தையும் பணம் கட்டிய ரசீதையும் உடனே படம் பிடித்து வையுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, போலிப் பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப வாங்க விற்பவர் மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915. பண மோசடிக்கு 1930. தளத்துக்கு வெளியே தனியாகப் பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிப் பழைய காசுக்குக் கமிஷன், வரி கேட்டால் அதுவும் மோசடி. அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

அவனுக்கு ஒரு காசுக்குத்தான் இதுவரை பணம் திரும்பியிருக்கிறது. மற்ற மூன்றுக்கும் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறான். திரும்பாமலும் போகலாம். போனால், அந்த மூன்றிலும் உளியால் ஒரு வெட்டுப் போட்டு, அடர்த்திப் பாடத்துக்காக ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். வெட்டு விழுந்த காசை யாரும் ஏலத்தில் விற்க முடியாது.

உங்கள் வீட்டு மேசை இழுப்பறையிலும் இப்படி ஒன்று இருக்கலாம். இருந்தால் எழுதுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் கைமாற்றி விடாதீர்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள். வீட்டில் பெரியவர்களை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்