கவ்வாத்துக் கை

நுவரெலியாவில் கோல்ஃப் மைதானத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஊருக்கு நடுவிலேயே கிடக்கிறது. சந்தைக்கோ தபால் கந்தோருக்கோ போகிற வழியில் ஏதாவதொரு வளைவில் பச்சையாகக் கண்ணில் படும். 1889இல் வெள்ளைக்காரர் தொடங்கிய கிளப். கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே, பிதுருதாலகால மலையின் காலடியில். அந்த உயரத்துக் காற்று மெல்லியது. கொழும்பில் அடிப்பதைவிட இங்கே பந்து கொஞ்சம் கூடத் தூரம் போகும். அதைத் தங்கள் கைத்திறமை என்று நினைத்துச் சந்தோஷப்படுகிற துரைமாரும் இருந்தார்கள்.

மைதானத்தை ஒட்டி மேஜர் ரோஜர்ஸின் கல்லறை இருக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். செத்த பிறகும் கல்லறை மேல் இடி விழுந்தது என்று ஊரில் சொல்வார்கள். பந்து பொறுக்கித் திரிந்த எங்களுக்கு யானையும் முக்கியமில்லை, இடியும் முக்கியமில்லை. அந்தப் பக்கம் புல் உயரமாக வளரும், தொலைந்த பந்து கிடைக்கும். அவ்வளவுதான்.

பந்துக்கு அப்போது அப்படி ஒரு மதிப்பு. எழுபதுகளின் முற்பாதியில் சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்தது. பாணுக்கு வரிசை, சீனிக்கு வரிசை, துணிக்குக் கூப்பன். 1973லும் 1974லும் தேயிலைத் தோட்டங்களில் ஆட்கள் பசியால் செத்தார்கள். அந்த நாட்டில் கோல்ஃப் பந்து எங்கிருந்து வரும்? ஓடையில் கால் விறைக்கத் தேடி ஒரு பந்தை எடுத்துக் கொடுத்தால் அன்றைக்கு ஒரு வீட்டில் மரவள்ளிக்கிழங்கு அவியும். டன்லப் 65 என்றால் விலை கூட. ஹென்றி காட்டன் என்ற ஆட்டக்காரர் 1934ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் ஒரு சுற்றை 65 அடியில் முடித்தாராம், அதனால்தான் அந்த எண். இது எனக்குப் பின்னாளில் தெரிந்தது. அப்போது 65 என்பதை விலை என்றே நினைத்திருந்தோம்.

வெட்டுப்பட்ட பந்துகள் யாருக்கும் வேண்டாம், அவை எங்களுக்கு. மேல்தோல் பலாட்டா என்கிற மரப்பால். கத்தி முனையால் நெம்பினால் உரிந்துவரும். உள்ளே ரப்பர் நூல், இழுத்துக் கட்டிச் சுற்றியது. ஓரிடத்தில் அறுத்துவிட்டால் போதும், பந்து உயிர் வந்ததுபோல் துள்ளித் துடித்துத் தானாக அவிழும். கடைசியில் நடுவே உருண்டையான ஒரு சின்னப் பை, அதற்குள் ஏதோ திரவம். விஷம் என்று பெரியவர்கள் மிரட்டியிருந்ததால் அதை மட்டும் தொடாமல் மண்ணில் புதைப்போம்.

நல்ல பந்துகளுக்கு வெள்ளை எனாமல் பூசி விற்றவர்களும் உண்டு. பூச்சு கனத்தால் மேலே உள்ள குழிகள் தூர்ந்துவிடும். பந்தைக் காற்றில் தூக்கி நிறுத்துவதே அந்தக் குழிகள்தான். குழி தூர்ந்த பந்து என்னதான் அடித்தாலும் பாதி வழியில் சோர்ந்து விழும். துரை தன் வீச்சைத்தான் குறை சொல்லிக்கொள்வார்.

எனக்கு அந்த வீச்சைச் சொல்லிக் கொடுத்தவர் கிளப்பைச் சேர்ந்தவர் இல்லை. எங்கள் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய துரையின் பையைத் தூக்கிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போய் வருவார். பல வருடம் பின்னால் நின்று பார்த்தே படித்துவிட்டார். அப்பா தோட்டத்துக் கிளாக்கர் என்பதால் என்னைத் 'தம்பி, வாங்க, போங்க' என்பார். நான் அவரை மாமா என்பேன். துரை தூக்கிப்போட்ட ஐந்தாம் நம்பர் இரும்பு ஸ்டிக் ஒன்று அவரிடம் இருந்தது. பிடி தேய்ந்து, சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார். பின்னேரங்களில் கொழுந்து நிறுவை முடிந்த பிறகு, தோட்டத்துப் பள்ளிக்கூடத்து மைதானத்தில்தான் பாடம். பாடம் தொடங்கியதும் 'ங்க' போய்விடும், 'டா' வந்துவிடும். முடிந்து ஸ்டிக்கைத் தோளில் போட்டதும் மறுபடி 'தம்பி, இருட்டுது, வீட்டுக்குப் போங்க.' அந்த இடைப்பட்ட நேரத்து 'டா' எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று அவருக்குத் தெரியாது.

முதலில் அவர் கையில் தந்தது ஸ்டிக் இல்லை, கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியை மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை இரண்டடி உயரத்துக்கு வெட்டி இறக்குவதுதான் கவ்வாத்து. ஆண்கள் வேலை. வளைந்த கத்தி, கனமானது. கிளையைச் சாய்வாக ஒரே வெட்டில் அறுக்க வேண்டும். இரண்டாம் வெட்டு விழுந்தால் கிளை பிளக்கும். பிளவில் மழைத் தண்ணீர் இறங்கினால் செடி பட்டுப்போகும். மேற்பார்வை பார்க்கிற கங்காணி அன்றைய கணக்கில் பேரைப் போடமாட்டார். ஒரு நாளைக்கு இத்தனை செடி என்று கணக்கு இருக்கிறபோது கையால் வெட்டினால் பத்து மணிக்கே தோள் விட்டுப்போகும். கத்தியின் கனம் வெட்ட வேண்டும், ஆள் அதைச் சுற்றிவிட்டால் போதும். இதைத் தெரிந்துகொண்டவன்தான் பின்னேரம் வரை நிற்பான்.

"ஓங்காதடா. சுத்து." அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான். கோல்ஃப் வீச்சைப் பற்றிப் பின்னர் நான் படித்த எதுவும் இந்த இரண்டு சொல்லைத் தாண்டி ரொம்பத் தூரம் போகவில்லை.

பிடி விஷயத்தில் மட்டும் அவர் துரைமார் வழி. வலது கைச் சுண்டுவிரல் இடது கையின் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும். ஓப்பன் போட்டியை ஆறு முறை வென்ற ஹாரி வார்டனின் பெயரால் உலகம் அறிந்த பிடி அது. மாமாவுக்கு வார்டனைத் தெரியாது. 'சின்ன வெரல் மேல ஏறிக்கணும்' என்று மட்டும் தெரியும். வலது கையைப் பற்றி அவருக்கு ஒரு தீர்மானமான அபிப்பிராயம் இருந்தது: "வலது கை கங்காணி மாதிரி. சத்தந்தான் போடும். வேலை செய்யிறது இடதுதான்." புதிதாகப் பிடிக்கிற யாரும் வலது கையால் முந்திக்கொண்டு அடிப்பார்கள். ஸ்டிக் வெளியிலிருந்து உள்ளே குறுக்கே இழுக்கும், பந்து வலப்பக்கமாக வளைந்து தேயிலைக்குள் போய்விடும். அப்படி என் பந்து போகும்போதெல்லாம் "கங்காணி வந்துட்டான்" என்பார்.

பின்னால் சுற்றும்போது தலை அசையக் கூடாது. அதற்கு எதிரே நின்று உள்ளங்கையை என் தலை மேல் வைத்துக்கொள்வார். தேயிலைப் பால் ஏறிக் கறுத்த கை. ரேகைகள் மையால் வரைந்த மாதிரி தெரியும். புகையிலையும் பச்சைக் கிளையும் கலந்து மணக்கும். அந்தக் கைக்குக் கீழே இடது தோள் திரும்பித் தாடைக்கு அடியில் வர வேண்டும், முதுகு பந்து போக வேண்டிய திசையைப் பார்க்க வேண்டும். தோள் முழுதாகத் திரும்ப இடுப்பு அதில் பாதிதான் திரும்பும். அந்த வித்தியாசத்தில் உடம்பு முறுகும். முறுக்கம்தான் பலம், மற்றபடி கைக்கு அங்கே வேலையில்லை. இடது குதிகால் தானாக எழும்பும். எழும்பட்டும் என்பார்.

மேலே போனதும் ஒரு மூச்சு நிற்பதுபோல் இருக்க வேண்டும். உண்மையில் அது நிற்பதே இல்லை. மேல் உடம்பு இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே கீழ் உடம்பு முன்னால் திரும்பத் தொடங்கிவிடுகிறது. இடது குதிகால் நிலத்தில் 'தொப்'பென்று விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் கை இறங்க வேண்டும். அவர் காது அதற்காகவே காத்திருக்கும். சத்தம் பிந்தினால், "கை அவசரப்படுது. மறுபடி."

பிற்பாடு, நாட்டை விட்டுப் போன ஒரு துரை வீட்டுச் சாமான்களோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த புத்தகங்களில் பென் ஹோகன் 1957இல் எழுதிய கோல்ஃப் பாடப் புத்தகம் இருந்தது. அந்தோனி ராவியெல்லி வரைந்த படங்கள் அத்தனையும் நரம்பும் தசையும் தெரிய இருக்கும். ஆட்டக்காரரின் தோள் மேல் சாய்ந்து நிற்கிற பெரிய கண்ணாடித் தகடு, அதில் தலை நுழைய ஒரு துவாரம். கை அந்தத் தகட்டை உடைக்காமல் அதற்குக் கீழேயே போய்வர வேண்டும். இறங்கும்போது இடுப்புதான் முதலில் திரும்ப வேண்டும் என்பதை ஹோகன் அழுத்தி அழுத்திச் சொல்கிறார். படித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை. ஒருவித எரிச்சல்தான் வந்தது. இதைத்தானே அந்த மனிதர் தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் சுருட்டைக் கடித்தபடி சொன்னார், அவருக்கு யார் படம் வரைந்தார்கள்?

பந்து வைத்து அடிக்கவிட அவருக்கு அவசரமே இல்லை. ஒரு தேயிலையைக் கிள்ளிப் புல்லில் வைப்பார். அதற்குக் கொஞ்சம் பின்னால் பந்து இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். வீசினால் இலை அறுபட வேண்டும், பந்து இருக்க வேண்டிய இடத்துப் புல் அசையக் கூடாது. இரும்பு முதலில் பந்தைத் தொட்டுப் பிறகுதான் மண்ணைச் செதுக்க வேண்டும் என்ற சங்கதியை இப்படித்தான் பிடித்துக்கொண்டேன். பந்தைத் தூக்கிவிட நினைத்தால் தூக்காது. கீழ்நோக்கி அடித்தால் ஸ்டிக் முகத்தின் சாய்வே அதைப் பின்சுழல வைத்து எழுப்பிவிடும். டிரைவருக்கு மட்டும் கணக்கு வேறு, பந்து முளைக்குச்சி மேல் உட்கார்ந்திருப்பதால் ஸ்டிக் மேலேறும்போது அடிக்கலாம்.

சில நாள் ஸ்டிக்கைத் தலைகீழாகப் பிடிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொள்வார். மெல்லிய கம்பி காற்றை அறுக்கிற 'உஷ்' எங்கே வருகிறது என்று கேட்பார். பந்து இருக்கும் இடத்துக்கு முன்னாலேயே கேட்டால் பலமெல்லாம் அங்கேயே சிந்திவிட்டது என்று அர்த்தம். பந்தைக் கடந்து இடப்பக்கம் கேட்டால் சரியென்று தலையை ஆட்டுவார். ஸ்டிக்கின் முகம் பந்தைத் தொடும் நேரம் ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அதற்குள் யாரும் எதையும் திருத்த முடியாது. எல்லாம் அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும்.

1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. துரைமார் மூட்டை கட்டினார்கள். அதைவிடப் பெரிய மூட்டை கட்டல் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1964இல் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, தோட்டத்து மக்களில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை லட்சம் பேரை 1974இல் இரண்டு அரசாங்கங்களும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டன. எந்த லயத்துக்கு எந்தப் பங்கு என்று கையெழுத்துப் போட்டவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒரே வீட்டில் அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி இலங்கைக்கு என்று வந்த கதைகளை மலைநாட்டில் யாரும் சொல்வார்கள்.

"பாஸ்போட் வந்திருச்சு தம்பி." காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் நின்று மாமா சொன்னார், 'ங்க' போடும் குரலில். கோச்சி நானுஓயாவிலிருந்து. அந்த ரயிலுக்கு மலையக மக்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. தலைமன்னாரில் கப்பல், அக்கரையில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் எங்கே அனுப்புகிறார்களோ அங்கே. கவ்வாத்துக் கத்தியைச் சாக்கில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். ஸ்டிக்கை என்னிடம் கொடுத்துவிட்டார். "கப்பல்ல இத வச்சிருந்தா, இது என்னன்னு கேப்பான். என்னன்னு சொல்றது?"

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கையெழுத்தில். தேயிலை வேலைதான், குளிரும் நம்ம ஊர்க் குளிர்தான், மஞ்சள் பூப் பூக்கிற வெள்ளைக்காரன் முள்ளுகூட இங்கேயும் இருக்கிறது என்று. கோர்ஸ் என்கிற அந்த முட்செடியை நீலகிரிக்கும் நுவரெலியாப் பக்கத்துக்கும் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள்தான். கோல்ஃப் பந்து விழுந்தால் எடுக்க முடியாத முள். பல வருடம் கழித்து ஊட்டி மைதானத்தை ஒருமுறை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். யூகலிப்டஸ், முள், மூடுபனி. பை தூக்கிக்கொண்டு போனவர்களில் வயதானவர்களின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு அப்போது எண்பதுக்கு மேல் ஆகியிருக்கும், பை தூக்கும் வயதில்லை என்பது தெரிந்தேதான் பார்த்தேன்.

அவர் காலத்துச் சாமான்கள் ஒன்றும் இப்போது இல்லை. டிரைவரின் தலை அமெரிக்கப் பெர்சிமன் மரத்தில் செய்தது. கழுத்தில் மெழுகு நூல் சுற்றியிருக்கும், மழையில் ஊறி அவிழும், மாமா அதைச் செருப்புத் தைக்கும் நூலால் சுற்றிக் கொடுப்பார். 1979இல் உலோகத் தலை வந்தது. கொஞ்சக் காலத்தில் மரத் தலைகள் சுவரில் மாட்டும் சாமான் ஆகிவிட்டன. நாங்கள் பொறுக்கிய பந்து 1.62 அங்குலம், பிரிட்டிஷ் அளவு. அமெரிக்கப் பந்து 1.68. 1974 ஓப்பன் போட்டியில் சின்னப் பந்தை நிறுத்தினார்கள், 1990இல் விதியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2000இல் டைட்டிலிஸ்ட் கம்பெனியின் புதுப் பந்து வந்ததும் நூல் சுற்றிய பந்தும் போயிற்று. இன்றைய பந்தை அறுத்தால் நூலும் கிடையாது, பையும் கிடையாது. திடமான ரப்பர்தான். துள்ளாது.

கொழும்பில் இப்போது நான் பயிற்சிக்குப் போகிற இடத்தில் ஓர் இளம் கோச் இருக்கிறார். என் வீச்சைப் போனில் மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார். மேலே போவதற்கு எடுக்கும் நேரம் மூன்று பங்கு, இறங்குவது ஒரு பங்கு, பெரிய ஆட்டக்காரர்களுக்கு இப்படித்தான் இருக்குமாம். "அங்கிள், டெம்போ எங்க படிச்சீங்க?" கவ்வாத்து, குதிகால் சத்தம், தலைகீழ் ஸ்டிக் எல்லாவற்றையும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். தலைகீழ் ஸ்டிக் யூடியூபில் நிறைய இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக் கொடுப்பதே அதுதான் என்றார். இருக்கட்டும். மாமாவுக்கு அது எந்தத் துரையிடமிருந்து வந்ததோ, கத்தியிலிருந்தே வந்ததோ, இனிக் கேட்க ஆளில்லை. கவ்வாத்து என்றால் என்ன என்று மட்டும் கோச் கேட்டார். சொன்னேன், கையை வீசியும் காட்டினேன்.

ஆனால் இடது குதிகாலை எழுப்பக் கூடாது, அது பழைய முறை, நிலத்திலேயே வைத்திருங்கள் என்கிறார். அது மட்டும் நடக்காது என்று சொல்லியிருக்கிறேன்.